ரியோஹா ஒயினும் பீப்பாயின் வயசும்

ஸ்பெயினின் ரியோஹா வட்டாரத்து ஒயின் பாட்டிலைத் திருப்பிப் பின்பக்கம் ஒட்டியிருக்கும் சின்ன முத்திரைத் தாளைப் பார்த்தால் ஒயின் எவ்வளவு காலம் காத்திருந்தது என்று தெரிந்துவிடும். பச்சை என்றால் காலக் கட்டுப்பாடு எதுவும் இல்லை. சிவப்பு என்றால் கிரியான்சா. மொத்தம் 2 வருடம், அதில் குறைந்தது 1 வருடம் ஓக் பீப்பாயில் இருந்திருக்க வேண்டும். கருஞ்சிவப்பு ரெசெர்வா: 3 வருடம், அதில் குறைந்தது 1 வருடம் பீப்பாய், 6 மாதம் பாட்டில். நீலம் கிரான் ரெசெர்வா: 5 வருடம், அதில் 2 வருடம் பீப்பாய், 2 வருடம் பாட்டில். இவை சிவப்பு ஒயினுக்கான கணக்கு. பீப்பாய் சுமார் 225 லிட்டர் கொள்ள வேண்டும் என்பதும் விதி.

அந்தத் தாளில் இல்லாத ஒரு தகவல்தான் குடிப்பவருக்கு அதிகம் தேவை: பீப்பாய்க்கு என்ன வயசு? புத்தம் புதுசில் 12 மாதம் கிடந்த கிரியான்சாவும், எட்டு வருடப் பழசில் 12 மாதம் கிடந்த கிரியான்சாவும் ஒரே சிவப்புத் தாளோடுதான் கடைக்கு வரும். இரண்டையும் அருகருகே ஊற்றினால் ஒரே ஊர் ஒயின் என்று நம்புவதே கஷ்டம்.

பீப்பாய் இரண்டு வேலை செய்கிறது. ஒன்று, மரத்திலிருந்து வாசனையும் துவர்ப்பும் கரைந்து ஒயினுக்குள் இறங்குவது. இன்னொன்று, பலகையின் நுண்துளைகள், பலகைகள் சேரும் இடுக்கு, அடைப்பான் ஓரம் இவற்றின் வழியாகக் காற்று மிகமிக மெதுவாக உள்ளே கசிவது. முதல் வேலை சீக்கிரம் தீர்ந்துவிடும். முதல் முறை நிரப்பும்போதுதான் பெரும்பங்கு இறங்கும். மூன்றாவது முறைக்குள் வாசனை வெகுவாகக் குறையும். ஐந்தாறு வருடம் போனால் மரம் சொல்ல ஏதும் மிச்சமிருக்காது. காற்றுக் கசிவு அப்படியல்ல. புதுசில் கொஞ்சம் அதிகம், பழசில் குறைவு, ஆனால் நிற்பதில்லை. அந்தச் சிறு அளவு ஆக்சிஜன்தான் துவர்ப்பு தரும் டானினையும் நிறமிகளையும் ஒன்றோடொன்று பிணைத்து, நாக்கைப் பிடித்து இழுக்கும் துவர்ப்பை மட்டுப்படுத்துகிறது, நிறத்தை நிலைக்க வைக்கிறது. பழைய பாணி ரியோஹாக்காரர்கள் பீப்பாயை வாங்குவது பெரும்பாலும் இந்த இரண்டாவது வேலைக்காகத்தான்.

ஒரு ஒயினை எடுத்துக்கொண்டு பேசலாம். ரியோஹாவின் ஆரோ நகரில் ரயில் நிலையத்தை ஒட்டிய பேட்டையில் 1890-இல் தொடங்கிய லா ரியோஹா ஆல்தா நிறுவனத்தின் வீஞா அர்தான்சா ரெசெர்வா. சட்டப்படி இதற்கு ஒரு வருடப் பீப்பாய் போதும். தெம்பிரானியோ என்ற திராட்சை ரகத்தின் பங்கு சுமார் 80 சதவீதம்; அது அமெரிக்க ஓக்கில் 36 மாதம் இருக்கிறது. பீப்பாய்களின் சராசரி வயது நான்கு வருடம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வண்டல் பிரித்து வேறு பீப்பாய்க்கு மாற்றுகிறார்கள். மீதி 20 சதவீதம் கர்னாச்சா. அதற்கு 30 மாதம்தான். இந்த ஆறு மாத வித்தியாசம் சும்மா வைத்ததல்ல. கர்னாச்சா காற்றுக்குச் சீக்கிரம் தளர்ந்துவிடும் ரகம். நிறம் வேகமாகப் பழுப்புக்குப் போகும், பழ வாசனை ஜாம் போல ஆகிவிடும். அதைத் தெம்பிரானியோவோடு சேர்த்து ஒரே பீப்பாயில் 36 மாதம் போட்டால் கலவையின் பலவீனமான பகுதி முதலில் கெடும். தனித்தனியாக வைத்துப் பிறகு கலப்பதுதான் பாதுகாப்பு.

மரத்துக்கு வருவோம். அமெரிக்க வெள்ளை ஓக்கின் குழாய்த் திசுக்களை டைலோஸ் என்னும் வளர்ச்சி நன்றாக அடைத்துவிடும். அதனால் மரத்தை ரம்பத்தால் எப்படி அறுத்தாலும் ஒழுகாது. பிரெஞ்சு ஓக்கில் அந்த அடைப்பு குறைவு. இழையோட்டத்தை ஒட்டிப் பிளக்க வேண்டும், குறுக்கே வெட்டுப்பட்ட பலகை கசியும். பிளந்து எடுக்கும்போது மரத்தில் கால் பங்கு போலத்தான் பலகையாகத் தேறும். அறுத்தால் பாதி வரை தேறும். பிரெஞ்சுப் பீப்பாயின் விலை கிட்டத்தட்ட இரு மடங்காக இருப்பதற்கு இது முக்கியக் காரணம். ருசியில், அமெரிக்க ஓக்கில் ஓக் லாக்டோன் அதிகம். தேங்காய், சில சமயம் சதகுப்பை வாடை அதிலிருந்து வருகிறது. பிரெஞ்சில் லாக்டோன் குறைவு, டானின் கூடுதல். கிராம்பு, வறுத்த கொட்டை பக்கம் சாயும்.

பலகையை அறுத்தவுடன் பீப்பாய் ஆக்க முடியாது. வெட்டவெளியில் மழையிலும் வெயிலிலும் அடுக்கி வைத்து 2 முதல் 3 வருடம் பதப்படுத்த வேண்டும். மழை கடுமையான டானினைக் கழுவுகிறது, பூஞ்சைகள் மேற்பரப்பை மாற்றுகின்றன. சூளையில் உலர்த்தினால் சில வாரத்தில் ஈரம் போய்விடும், கசப்பு போகாது. இளம் ஒயினில் பச்சை மரத்தூள் மாதிரி ஒரு வறட்சி அடித்தால் பெரும்பாலும் இதுதான் காரணம். அடுத்தது தீ. 27 மி.மீ. அளவு தடிமனுள்ள, முப்பது வாக்கிலான பலகைகளை வளையத்துக்குள் நிறுத்தி, உள்ளே நெருப்பு மூட்டி, ஈரத் துணியால் வெளியே துடைத்துக்கொண்டே வளைப்பார்கள். அதன் பிறகு உள்சுவரை வாட்டுவார்கள். மெல்ல வாட்டினால் மரம் அதிகம் தெரியும், நடுத்தரமாக வாட்டினால் வனிலா ஏறும், கருக வாட்டினால் புகையும் காபியும். அவசரப்பட்டுக் கூடின தீயில் வாட்டினால் உள்சுவரில் கொப்புளம் எழும்பும். அந்தக் கொப்புளத்துக்குப் பின்னால் ஒயின் புகுந்து தங்கிவிடும், கழுவினாலும் போகாது, கிருமிகளுக்கு வசதியான இடம். நல்ல தச்சர் கொப்புளத்தைக் கண்டால் சீவித் தள்ளிவிட்டுத்தான் மூடுவார்.

இந்தப் பழக்கமெல்லாம் ரியோஹாவில் ஆதி முதல் இருந்ததல்ல. 1780-களில் மானுவல் கிந்தானோ என்ற பாதிரியார் பிரான்சின் போர்தோ வட்டார முறையில் ஓக் பீப்பாயில் ஒயின் வைத்துப் பார்த்தார். ஒயின் நன்றாகத்தான் வந்தது. ஆனால் எல்லா ஒயினும் ஒரே விலைக்கு விற்க வேண்டும் என்று உள்ளூர் நிர்வாகம் பிடிவாதம் பிடிக்க, பீப்பாய்ச் செலவை யாரும் ஏற்க முன்வரவில்லை. முயற்சி அதோடு நின்றது. 1850-களில் லூசியானோ முரியேத்தாவும் ரிஸ்கால் மார்க்கேஸும் மறுபடி தொடங்கினார்கள். 1862-இல் ஆலவா மாகாண நிர்வாகம் போர்தோவின் ஷாத்தோ லானசானிலிருந்து ஜான் பினோ என்பவரைக் கூட்டிவந்து விவசாயிகளுக்குக் கற்றுத்தரச் சொன்னது. ஊர்க்காரர்களுக்குச் செலவு கட்டுப்படியாகவில்லை; பினோ கடைசியில் ரிஸ்காலிடமே வேலைக்குப் போனார். பிறகு பிரான்சின் தோட்டங்களை ஃபிலாக்சரா பூச்சி அழித்தபோது போர்தோ வியாபாரிகள் ஒயின் தேடித் தெற்கே வந்தார்கள். 1860-களில் ஆரோவுக்கு ரயில் வந்திருந்தது. லோப்பஸ் தெ எரேதியா 1877, குனே 1879, லா ரியோஹா ஆல்தா 1890 என்று கிடங்குகள் தண்டவாளத்தை ஒட்டி முளைத்தன. முறை போர்தோவினுடையது, மரம் மட்டும் அட்லாண்டிக் தாண்டி வந்தது; ஸ்பெயினுக்கு அமெரிக்க வணிகம் பழக்கம், விலையும் கட்டுப்படி. ரியோஹாவின் தேங்காய் வாசனைக்குப் பின்னால் இருப்பது கப்பல் கூலிக் கணக்கு.

பீப்பாய்க்குள் போகும் முன் ஒயின் எந்த நிலையில் இருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் மிச்சமெல்லாம். ரியோஹாவில் சிவப்புத் திராட்சை மகசூலுக்கு உச்சவரம்பு ஹெக்டேருக்கு 6,500 கிலோ. 100 கிலோ பழத்திலிருந்து அதிகபட்சம் 70 லிட்டர். தெம்பிரானியோ சீக்கிரம் பழுக்கும், நிறம் நன்றாகத் தரும், ஆனால் அமிலம் குறைந்த ரகம். அதன் ஒயினின் பி.ஹெச். (இந்த எண் ஏறினால் புளிப்பு குறைவு) சாதாரணமாகவே 3.6-ஐத் தாண்டும். வெயில் அதிகமான வருடத்தில் அறுவடை ஒரு வாரம் தள்ளிப்போனால் 3.8, 3.9 வரை ஏறிவிடும். கிராசியானோ, மசுவேலோ என்ற ரகங்களைக் கொஞ்சம் சேர்ப்பது இதற்குத்தான். இரண்டும் தாமதமாகப் பழுப்பவை, புளிப்பு கூடியவை. 5 சதவீதம் கிராசியானோ கலவையை நிமிர்த்திவிடும்.

பி.ஹெச். எண்ணை இவ்வளவு பிடித்துக்கொள்வதற்குக் காரணம் சல்ஃபர் டை ஆக்ஸைடு. ஒயினில் கிருமியைத் தடுப்பது அதன் மூலக்கூறு வடிவம் மட்டும்தான். எதோடும் பிணையாமல் இருக்கும் கட்டற்ற சல்ஃபரில் அதன் பங்கு பி.ஹெச். 3.5-இல் சுமார் 2 சதவீதம், 3.8-இல் 1 சதவீதம். லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் மூலக்கூறு வடிவம் வேண்டுமென்றால் முதல் ஒயினுக்குக் கட்டற்ற சல்ஃபர் 25 மி.கி. போதும், இரண்டாவதற்கு 50 மி.கி. வேண்டும். 50 மி.கி. போட்டால் இளம் ஒயினின் பழ வாசனை அமுங்கும், நிறமும் வெளுக்கும். போடாமல் விட்டால் கிருமி வரும். 36 மாதம் பீப்பாயில் வைக்க நினைக்கிறவர் 3.8 பி.ஹெச். ஒயினோடு தொடங்கினாரென்றால் மூன்று வருடமும் தலைவலிதான். இதற்குப் பரிகாரம் அறுவடைத் தேதியில் இருக்கிறது. கிடங்கில் செய்ய முடிவது கொஞ்சம்தான்.

அளவு போடும் கணக்கு எளிது. பொட்டாசியம் மெட்டாபைசல்ஃபைட்டில் 57 சதவீதம் சல்ஃபர் டை ஆக்ஸைடு. 225 லிட்டர் பீப்பாயில் லிட்டருக்கு 10 மி.கி. ஏற்ற 2.25 கிராம் தேவை, அதாவது உப்பு ஏறக்குறைய 4 கிராம். போட்டதில் ஒரு பங்கு ஒயினிலுள்ள மற்றவற்றோடு பிணைந்து பயனற்றுப் போகும். ஆகவே போட்டுச் சில நாள் கழித்து அளந்து பார்க்காமல் கணக்கை மட்டும் நம்பக் கூடாது. மாலிக் அமிலம் லாக்டிக் அமிலமாக மாறும் இரண்டாம் நொதித்தல் முடிந்ததை உறுதி செய்த பிறகுதான் முதல் சல்ஃபர். முன்பே போட்டால் அந்த நொதித்தல் பாதியில் நின்று, அடுத்த கோடையில் பீப்பாய்க்குள்ளோ பாட்டிலுக்குள்ளோ மறுபடி எழும்.

வண்டல் பிரிப்பதைப் பார்த்தால் ஆரோ கிடங்குகளின் வேலை புரியும். பீப்பாய்கள் அடுக்கடுக்காகப் படுத்திருக்கும். முன் தட்டின் அடியோரத்தில், வண்டல் படியும் மட்டத்துக்குச் சற்று மேலே, மரக்குச்சி செருகிய ஒரு துளை. குச்சியை உருவிக் குழாயைச் செருகுவார்கள். பம்ப் கிடையாது, மேல் அடுக்கிலிருந்து ஒயின் தன் கனத்தில் கீழே இறங்கும். பணியாள் கண்ணாடிக் குவளையில் கொஞ்சம் பிடித்து மெழுகுவர்த்திச் சுடருக்கு முன்னால் நீட்டுவார். சுடரின் விளிம்பு கூர்மையாகத் தெரியும்வரை ஓடவிடலாம். விளிம்பு மங்கியதும் குழாயை மூட வேண்டும், அடுத்த குவளை கலங்கல்தான். பின்பக்கத்தைத் தூக்கிப் பீப்பாயைச் சாய்ப்பதும் அப்போதே நடக்கும், ஒரே சீராக. குலுங்கினால் ஆறு மாதம் படிந்தது மேலே கிளம்பிவிடும். அடியில் சில லிட்டர் கலங்கல் மிஞ்சும். அதைத் தனியே சேர்த்துத் தெளியவிடுவார்கள்.

முதல் ஒன்றிரண்டு முறை காற்றுப்பட மாற்றுவது நல்லது. இளம் ஒயினில் தேங்கியிருக்கும் முட்டை வாடை போகும், நிறமும் கட்டுப்படும். மூன்றாம் வருடம் அதே மாதிரி தெறிக்கவிட்டால் ஒயின் களைத்துவிடும். நாட்காட்டியைப் பார்த்து ஆறு மாதத்துக்கு ஒருமுறை என்று கண்ணை மூடிக்கொண்டு செய்கிற கிடங்குகளின் ரெசெர்வா பழ வாசனையே இல்லாமல் உலர்ந்து வருவதற்கு இதுதான் காரணம் என்பது என் கணிப்பு.

ஆவியாகிக் குறைவதையும் சொல்ல வேண்டும். வருடத்துக்கு 3 சதவீதம் என்று வைத்தால் 225 லிட்டரில் 6.75 லிட்டர், அதாவது 9 பாட்டில். 36 மாதத்தில் ஒரு பீப்பாய்க்கு 27 பாட்டில் காற்றோடு போகிறது. கிடங்கு 12 முதல் 15 டிகிரியிலும் ஈரப்பதம் 75 முதல் 85 சதவீதத்திலும் இருந்தால் இழப்பு அளவோடு நிற்கும். காற்று வறண்டால் தண்ணீர் அதிகம் ஆவியாகி ஆல்கஹால் சதவீதம் ஏறும். ஈரம் மிகுந்தால் ஆல்கஹால் முந்திக்கொண்டு போகும், பீப்பாய் வெளியே பூஞ்சை பிடிக்கும். குறைந்த இடத்தை அதே ஒயினால் நிரப்பாமல் விட்டால் மேற்பரப்பில் அசிட்டிக் பாக்டீரியா குடியேறும். ஆவியாகும் அமிலம் லிட்டருக்கு 0.6, 0.7 கிராம் தாண்டினால் பழக்கமான மூக்குக்குக் காடி வாடை தெரியத் தொடங்கும். நீண்ட காலம் பீப்பாயில் கிடந்த பழைய ரியோஹாக்களில் இது சற்றுக் கூடுதலாக இருப்பது சகஜம். அளவோடு இருந்தால் வாசனையைத் தூக்கிக் கொடுக்கும், தாண்டினால் நகப்பூச்சு நெடி.

காலிப் பீப்பாய்தான் மிக ஆபத்தானது. காலியானதும் குளிர்ந்த நீரில் அலசி, சூடான நீரிலோ நீராவியிலோ கழுவி, முழுக்க வடியவிட்டு, உள்ளே கந்தக வில்லை எரித்து மூட வேண்டும். 1 கிராம் கந்தகம் எரிந்தால் 2 கிராம் சல்ஃபர் டை ஆக்ஸைடு. 5 கிராம் வில்லை ஒன்று போதும், மாதம் ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். உருகிய கந்தகம் அடியில் சொட்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்தச் சொட்டு பின்னால் அழுகிய முட்டை வாடையாகத் திரும்பி வரும். மாதக்கணக்கில் உலர்ந்து கிடந்த பீப்பாயில் பலகை சுருங்கி இடுக்கு விடும். நிரப்புமுன் 20 லிட்டர் அளவு வெந்நீர் ஊற்றி, அடைத்து, உருட்டி, ஒவ்வொரு தட்டின் மேலும் நிறுத்தி வைத்தால் மரம் ஊறி இறுகும். எங்கே கசிகிறது என்பதும் அப்போதே தெரியும். புழுத்துளை என்றால் சின்ன மரக்கூம்பு அடித்து மெழுகு பூசினால் தீரும். பலகையே விரிந்திருந்தால் தச்சரிடம்தான் போக வேண்டும்.

பிறகு பிரெட்டனோமைசஸ் என்னும் ஈஸ்ட். குதிரை லாயம், காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரி போன்ற வாடை அதன் வேலை. மரத்துக்குள் பல மில்லிமீட்டர் ஆழம்வரை இறங்கி உட்காரும், மேலாகச் சீவினால் போகாது. பழைய பீப்பாய்தான் இதற்குக் காரணம் என்று பரவலாகச் சொல்வார்கள். பாதிதான் உண்மை. புது மரத்தை வாட்டும்போது உண்டாகும் செல்லோபயோஸ் என்ற சர்க்கரையை இந்த ஈஸ்ட் தின்னும், ஆக புதுப் பீப்பாயும் அதற்கு விருந்துதான். மிச்சச் சர்க்கரை, ஏறிய பி.ஹெச்., 18 டிகிரிக்கு மேல் போகும் கோடைக் கிடங்கு, குறைந்த சல்ஃபர், இந்த நான்கும் சேர்ந்தால் பீப்பாயின் வயசு பொருட்டே அல்ல.

கடைசியில் தெளிவாக்குவது முட்டை வெள்ளைக்கரு. மூகா போன்ற கிடங்குகளில் இன்றும் புது முட்டைதான். பொதுவாகப் பீப்பாய்க்கு 3 முதல் 6 முட்டையின் வெள்ளைக்கரு, ஒரு சிட்டிகை உப்போடு நுரை வராமல் கலக்கிச் சேர்ப்பார்கள். கரடுமுரடான டானினைப் பிடித்துக்கொண்டு சில வாரத்தில் அடியில் இறங்கும். அளவு கூடினால் நிறமும் சதையும் சேர்ந்தே இறங்கிவிடும். பத்து லிட்டர் சாடியில் சோதித்துப் பார்த்துவிட்டு முட்டையை எண்ணுவதே விவேகம்.

வாங்கும்போது பீப்பாய் வயசை எப்படிக் கண்டுபிடிப்பது? பல தயாரிப்பாளர்கள் ஒவ்வொரு ஆண்டு ஒயினுக்கும் வெளியிடும் தகவல் தாளில் புது மரம் எத்தனை சதவீதம், எத்தனை மாதம் என்று எழுதுகிறார்கள். அதைப் படிக்கலாம். இல்லையென்றால் மூக்கு. ஊற்றியவுடன் தேங்காயும் வனிலாவும் பழத்துக்கு முன்னால் வந்தால் புது அமெரிக்க மரம். மலிவான கிரியான்சாவில் இது பெரும்பாலும் பழத்தின் மெலிவை மறைக்கும் பூச்சு. காய்ந்த புகையிலை, தேவதாரு, ஆரஞ்சுத் தோல், விளிம்பில் செங்கல் நிறம் என்றால் பழைய மரத்தில் நெடுங்காலம். 1990-களில் பிரெஞ்சுப் புது மரத்தில் அடர்த்தியாகச் செய்யும் பாணி வந்தது. அவற்றில் சில நன்றாகவே முதிர்ந்திருக்கின்றன. பல இன்று வெறும் துவர்ப்பாக நிற்கின்றன. எதிர்முனைக்கு உதாரணம் லோப்பஸ் தெ எரேதியாவின் வீஞா தோந்தோனியா ரெசெர்வா. பழைய பீப்பாயில் சுமார் 6 வருடம் இருந்தும் மர வாசனை முந்தாது. ஆண்டைப் பொறுத்தவரை 2001, 2004, 2005, 2010, 2011 ஆகியவை ரியோஹாவின் ஒழுங்குமுறைக் குழு மிகச் சிறந்தவை என்று அறிவித்தவை. அர்தான்சாவில் 2001-உம் 2010-உம் சிறப்பு வெளியீடாகவே வந்தன.

ரெசெர்வாவை 17 டிகிரி வாக்கில் ஊற்ற வேண்டும். 30 டிகிரி அறையில் வைத்திருந்த பாட்டில் என்றால் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் குளிர்பெட்டியில் வைத்தால் சரியாக வரும்; இல்லாவிட்டால் ஆல்கஹால் மட்டும் மூக்கில் ஏறும். 20 வருடம் தாண்டிய கிரான் ரெசெர்வாவை முந்தின நாளே நிமிர்த்தி வைத்துவிடுங்கள். கார்க் நடுவில் உடையும் என்பதால் திருகாணியைவிட இரட்டைத் தகடு திறப்பான் நல்லது. வண்டல் கழுத்துக்கு வரும்போது நிறுத்தி, வேறு பாத்திரத்துக்கு மாற்றி, உடனே பரிமாறுங்கள். மணிக்கணக்கில் திறந்து வைப்பது இளம் ஒயினுக்கான வைத்தியம்.